பைரோப்டோசிஸ்

பைரோப்டோசிஸ் என்பது, நோய்க்கிருமி புகுந்த உயிரணு தன் உறையில் தானே துளையிட்டு உடைந்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியே விட்டு மடியும் இறப்பு முறையாகும். அப்போப்டோசிஸ் எனப்படும் திட்டமிட்ட இறப்பில் உயிரணு சுருங்கி, உறை கிழியாத சிறு துண்டுகளாகி, பிற அணுக்களால் விழுங்கப்படுவதால் அழற்சி எழுவது அரிது. 1992இல் சிகெல்லா பாக்டீரியா புகுந்த விழுங்கணுக்களின் இறப்பும் அவ்வகையினதாகவே கொள்ளப்பட்டது. அது வேறென்று தெளிந்தபின், 2001இல் பைரோப்டோசிஸ் என்னும் பெயர் வழக்கில் வந்தது.

கிருமியின் கசையிழைப் புரதத்தையோ, அது தன் நச்சுப் புரதங்களை உட்செலுத்தும் ஊசி போன்ற அமைப்பின் பகுதியையோ உயிரணுவுக்குள் உள்ள ஏற்பிகள் உணர்ந்தவுடன், அவை ஒன்றுகூடி இன்ஃபிளமசோம் என்னும் புரதத் திரளாகிக் காஸ்பேஸ்-1 என்ற நொதியை முடுக்குகின்றன. இந்நொதி காஸ்டெர்மின்-டி என்னும் புரதத்தை வெட்ட, வெட்டுண்ட துண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்டவை வளையமாகச் சேர்ந்து உறையில் துளையாகின்றன. அதே நொதியால் முதிர்ச்சி பெறும் இன்டர்லூக்கின்-1பீட்டா, இன்டர்லூக்கின்-18 ஆகிய சமிக்ஞைப் புரதங்கள் அத்துளை வழியே வெளியேறி, காய்ச்சலை எழுப்பி, வெள்ளணுக்களை அழைக்கின்றன. சில பாக்டீரியாக்களின் வெளியுறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடை மனிதரில் காஸ்பேஸ்-4, காஸ்பேஸ்-5 ஆகியவையும், எலியில் காஸ்பேஸ்-11உம் நேரடியாகவே பற்றிக்கொண்டு, காஸ்டெர்மின்-டியை வெட்டுகின்றன. வெட்டுண்ட காஸ்டெர்மின்-டியே இவ்விறப்பைத் தூண்டுகிறது என்பதை 2015இல் பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவோ குழுவும், கலிஃபோர்னியாவில் விஷ்வா தீட்சித் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர், மதகடிப்பட்டுப் பகுதிகளைப் போன்ற நெல்விளையும் ஊர்களுக்கு இச்செய்தி மெலியாய்டோசிஸ் நோயால் நெருக்கமானது. 1912இல் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இரங்கூன் நோயாளிகளை ஆராய்ந்து விவரித்த இந்நோயை, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்கோல்டேரியா சூடோமாலியை என்னும் பாக்டீரியா உண்டாக்குகிறது. சேற்றில் வெறுங்காலுடன் நிற்போரின் தோற்புண் வழியே அது புகும், மழைக்காலத்தில் மிகும், சர்க்கரை நோயாளிகளையே பெரிதும் தாக்கும். புதுச்சேரி ஜிப்மரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இந்நோயாளிகளைப் பற்றி எழுதியுள்ளன.

விழுங்கணுவுக்குள்ளேயே பெருகி, அண்டை அணுக்களை ஒன்றோடொன்று இணைத்துப் பரவும் இக்கிருமிக்கு, தான் ஒளிந்திருக்கும் அணு உடைவது பேரிழப்பு. எனினும் 2011இல் வெளிவந்த எலி ஆய்வில் பைரோப்டோசிஸும் இன்டர்லூக்கின்-18உம் உயிர்காத்தபோது, மிகுந்த இன்டர்லூக்கின்-1பீட்டா நுரையீரலில் வெள்ளணுக்களைக் குவித்துத் தீங்கிழைத்தது. ஒரே நொதியின் இவ்விரு விளைபொருள்களைப் பிரித்து ஆளும் மருந்து மெலியாய்டோசிஸ் சிகிச்சையில் இன்னும் இடம்பெறவில்லை. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியைக் குறைந்தது பத்து நாள்களுக்குச் செலுத்தி, பின்னர்க் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை மூன்று மாதங்களேனும் தொடர்வதே இன்றைய முறை.