பங்க் இருந்த இடத்தில் பூங்கா



போன பொங்கலுக்கு நம்ம செட் ஆட்கள் ஏழெட்டுப் பேர் இளையரசனேந்தலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஊர்ப்பக்கம் ரொம்ப வருஷமாக மூடிக் கிடக்கிற ஒரு பெட்ரோல் பங்க் பற்றிப் பேச்சு வந்தது. "இடத்தைக் கேட்டு வாங்கி, பிள்ளைக விளையாட ஒரு பூங்கா போட்டுருவோம்டா. சங்கத்துல வசூல் பண்ணினா முடியாதா?" என்றான் ஒருவன். "நாலு வேம்பு, ஒரு ஊஞ்சல், அவ்வளவுதானே!" என்றான் இன்னொருவன். எல்லோருக்கும் பிடித்துப் போனது. நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இந்த மலரில் சொல்கிறேன்.

எரிபொருள் இருந்த இடம் பூங்காவாவது புதுக்கதை அல்ல. நம்மவர்கள் பிழைக்கப் போன சிங்கப்பூரில், காலாங் ஆற்றங்கரையில் 1862-ல் ஓர் எரிவாயு ஆலை எழுந்தது. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு வாயு எடுப்பார்கள். 1864-ல் அந்த வாயுவில்தான் அங்கே தெருவிளக்குகள் எரிந்தன. 1998-ல் ஆலை மூடப்பட்டது. இன்று ஆற்றோரப் பூங்காவில், ஆலையின் பழைய பாகங்களைக் கொண்டு செய்த சிற்பம் ஒன்று நிற்கிறது.

இதைவிடப் பெரிய பாடம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருக்கிறது. ஏரிக்கரையில் 1906-ல் தொடங்கிய எரிவாயு ஆலை, குழாய் வழியே இயற்கை வாயு வந்ததும் 1956-ல் நின்றுபோனது. நகராட்சி இடத்தை வாங்கியது. எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிடலாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். ரிச்சர்ட் ஹாக் என்ற பூங்கா வடிவமைப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. கோபுரங்களை அப்படியே நிறுத்தினார். இயந்திரக் கூடத்தைப் பிள்ளைகள் விளையாடும் கொட்டகையாக்கினார். தார் ஊறிய மண்ணை அள்ளிக் கொட்ட வேறு இடம் தேடவில்லை. கழிவுநீர்ச் சேற்றையும் மரத்தூளையும் கலந்து உழுதுவிட்டார். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்று தீர்க்கும் என்பது கணக்கு. 1975-ல் பூங்கா திறந்தது. உலகமே பாராட்டியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1984-ல் மண்ணில் இன்னும் நஞ்சு இருப்பது தெரிந்து, பூங்காவைச் சில காலம் மூட வேண்டி வந்தது. பிற்பாடு மேலே புதுமண் போர்த்தினார்கள். கரையில் இறங்கிக் குளிக்கக் கூடாது என்ற தடையும் வந்தது. திறப்பு விழாவோடு வேலை முடிவதில்லை.

"அது பெரிய ஆலை, நம்மது சின்ன பங்க்தானே" என்பீர்கள். சரி, பங்க் கதைக்கே வருவோம். தரைக்கடியில் இரும்புத் தொட்டி. அது துருப்பிடித்தால் வெளியே தெரியாது. இதை உணர்ந்துதான் அமெரிக்கா 1984-ல் நிலத்தடித் தொட்டிகளுக்கென்றே சட்டம் போட்டது. பழைய தொட்டிகளை 1998 டிசம்பருக்குள் சீர்படுத்தணும், இல்லையேல் மூடணும் என்றது. அப்படி மூடிய பங்க்குகள் எத்தனையோ.

நம் கரிசலுக்கு இன்னொரு குணம் உண்டு. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். இந்த இழுபறியில் குழாய் இணைப்புகள் தளரலாம். கசிந்தால் வெடிப்பு வழியே கீழே இறங்கும். பெட்ரோலில் உள்ள பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. 2000-க்கு முன் நம் நாட்டில் விற்ற பெட்ரோலில் பெரும்பகுதி ஈயம் கலந்தது. அந்த ஈயம் மக்கிப் போகாது. காலியான தொட்டிகூட ஆபத்துதான். உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

அந்த பங்க்கில் கசிவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று பார்க்காமல் ஊஞ்சல் கட்டக்கூடாது என்கிறேன். எனவே என் யோசனை இதுதான். வசூலாகும் பணத்தில் முதல் செலவு மண் பரிசோதனைக்கு. நாலைந்து இடத்தில் துளையிட்டு மண்ணும் நீரும் எடுத்துப் பார்ப்போம். உரிமம் உள்ள ஆட்களை வைத்துத் தொட்டியின் ஆவியை நீக்கி வெளியே எடுப்போம். சுத்தம் என்று அறிக்கை வந்த பிறகு வேம்பு நடுவோம். பழைய கூரையை மட்டும் இடிக்க வேண்டாம். மே மாத வெயிலுக்கு நிழல், ஊருக்கு ஞாபகம்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, இதையே உங்கள் இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்துக்கொள்ளலாமே! கூட வர நான் ரெடி. அந்த ஊஞ்சலில் முதலில் ஏறப் போவது என் அக்கா மகள். அவள் காலடி மண் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் நான் கயிற்றைத் தள்ளிவிடுவேன்.