பேசாத கம்ப்யூட்டரும் ஒரு கால் புண்ணும்

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. கால் புண்ணில் ஆரம்பித்து, கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் வரலாற்றுக்குள் போய், திரும்பக் காலுக்கே வந்து முடியும். பொறுமையா வாசிங்க.

கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் மண் எப்படின்னு தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டாம். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக் கொள்ளும். கோடையில் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். வெறுங்காலோடு காட்டு வேலைக்குப் போய்ப் பழகியவர்கள் இங்கே நிறைய.

அந்தக் காலில் சர்க்கரை நோயும் சேர்ந்தால்? பல வருடம் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, பாத நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியைக் குறைத்துவிடும். கருவேல முள் ஏறியிருக்கும், வலிக்காது. வலிக்காததால் யாரும் குனிந்து பார்ப்பதும் இல்லை.

அப்படித்தான் ஒரு அம்மா வந்தார். கால் பெருவிரல் கறுத்திருந்தது.

"தினமும் ராத்திரி காலைப் பாருங்கன்னு நீங்க உட்கார்ற பெஞ்சுக்கு மேலேயே ஒட்டியிருக்கோமேம்மா?"

"எனக்கு எழுத்துத் தெரியாதே சாமி."

விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மாசாமாசம் மாத்திரை வாங்க வந்து, அந்த போஸ்டருக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தவர். நாங்கள் எழுதி ஒட்டினோம். வாய்விட்டுச் சொல்லவில்லை.

சரி, சொல்லிவிடுவோம் என்று வீட்டில் சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டேன். காசு கொடுக்க வேண்டாம். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். பாதப் பராமரிப்பு பற்றி ஐந்து நிமிடம் என் குரலிலேயே பதிவு செய்தேன். ஒரு யுஎஸ்பி ஸ்பீக்கரும் வாங்கிக்கொண்டு போனேன்.

நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் வைத்து பிளே பட்டனை அழுத்தினால், திரையில் எல்லாம் ஓடுகிறது. சத்தம் மட்டும் இல்லை.

"என்ன டாக்டரய்யா, ஊமைப் படமா?" என்றார் ஒரு தாத்தா. ஹாலே சிரித்தது.

ஏன் வரவில்லை? இதைப் புரிந்துகொள்ளத்தான் வரலாறு.

1981-ல் வந்த ஐபிஎம் பிசிக்கு பீப் சத்தம் போடும் ஒரு குட்டி ஸ்பீக்கர்தான். நல்ல சத்தம் வேண்டுமென்றால் தனியாக சவுண்ட் கார்டு வாங்கி உள்ளே சொருக வேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் அதில் பெரும் புகழ் பெற்றது.

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அடுத்த வருடமே இன்னொரு பின்லாந்துக்காரர், ஹன்னு சவோலைனன், சவுண்ட் பிளாஸ்டருக்கு லினக்ஸ் டிரைவர் எழுதினார். டிரைவர் என்பது கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர். அதுதான் பிறகு ஓஎஸ்எஸ் என்று வளர்ந்தது.

அதில் ஒரு சிக்கல். பெரும்பாலான கார்டுகளில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் சத்தம் போட முடியும். நம்ம ஊர் தெருக்குழாய் மாதிரி. ஒரு குடம் நிறையும் வரை அடுத்த குடம் காத்திருக்கணும்.

1998-ல் செக் நாட்டின் யாரோஸ்லாவ் கிசெலா ஆல்சா என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார். 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6-ல் அது அதிகாரபூர்வ இடம் பிடித்தது. பல குழாய், பல கார்டு என்று வசதி கூடியது.

இதே காலத்தில் வெளியே இன்னொரு மாற்றம். 1996-ல் யுஎஸ்பி வந்தது. 1998-ல் யுஎஸ்பி ஒலிக் கருவிகளுக்குப் பொதுவான விதிமுறையும் வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி டிரைவர் வேண்டும். இந்த விதிப்படி செய்த ஸ்பீக்கரோ, சொருகியதும் "நான் ஸ்பீக்கர், எனக்கு இப்படி இப்படி ஒலி அனுப்பு" என்று தானே சொல்லிவிடும். எந்தக் கம்பெனி ஸ்பீக்கர் ஆனாலும் ஒரே பொது டிரைவர் போதும்.

இங்கேதான் என் சிக்கலின் வேர். இப்படிப்பட்ட யுஎஸ்பி ஸ்பீக்கர் வெறும் ஸ்பீக்கர் இல்லை, அதுவே ஒரு தனி சவுண்ட் கார்டு. மதர்போர்டில் ஒன்று, எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்கு ஒன்று, இது ஒன்று. மொத்தம் மூன்று வாய்க்கால். தண்ணீரை எதில் திறந்துவிடுவது?

அதை முடிவு செய்யும் மடைக்காரர்தான் பல்ஸ் ஆடியோ. ஜெர்மனியின் லென்னார்ட் பொட்டரிங் 2004-ல் தொடங்கியது. 2007-ல் ஃபெடோரா 8, 2008-ல் உபுண்டு 8.04 அதை ஏற்றன. ஆரம்பத்தில் திட்டாதவர்கள் இல்லை. பிறகு விம் டைமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஃபெடோராவில் 2021-லும் உபுண்டுவில் 2022-லும்.

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை இல்லைங்க. 2007 வாக்கில் நம்ம அரசின் எல்காட், உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில் சூசி லினக்ஸ் பக்கம் திரும்பியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸ் கூடவே வந்தது. அந்த லேப்டாப்பை வாங்கி, லினக்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் விண்டோஸில் படம் பார்த்துத் தீர்த்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்குப் பார்த்திருந்தால் இன்றைக்கு ஹாலில் முழித்திருக்க மாட்டேன்.

என் கம்ப்யூட்டரில் சத்தம் எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. அவ்வளவுதான் நோய்!

உங்களுக்கும் இப்படி ஆனால்:

1. முதலில் வயரைப் பாருங்க. யுஎஸ்பி முனையோடு உருண்டை பின்னும் இருந்தால், அநேகமாக யுஎஸ்பி வெறும் கரண்டுக்குத்தான். சத்தம் பின் வழியாகவே வரும். அதைப் பச்சை ஓட்டையில் சொருகுங்க. இந்த வகை ஸ்பீக்கர், தனிக் கருவியாகப் பட்டியலில் வராது.

2. யுஎஸ்பி முனை மட்டும்தான் என்றால், செட்டிங்ஸ், சவுண்ட், அவுட்புட் போய் யுஎஸ்பி ஆடியோவைத் தேர்ந்தெடுங்க. என் வைத்தியம் இதோடு முடிந்தது.

3. பட்டியலிலேயே இல்லையா? ஹப் வேண்டாம். சிபியூவின் பின்பக்கம் நேரடியாக வேறு போர்ட்டில் மாற்றிச் சொருகுங்க.

4. பட்டியலில் இருந்தும் சத்தம் இல்லையா? டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 அழுத்தி யுஎஸ்பி கார்டுக்குப் போங்க. 'எம்எம்' என்று காட்டினால் மியூட். எம் பட்டனைத் தட்டினால் திறக்கும்.

இப்போ அந்த ஹாலில் என் குரல் ஓடுகிறது. தினமும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்க, குனிய முடியாட்டி பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்க. கழுவினால் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைங்க. வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போடுங்க. ஆணிக்காலை பிளேடால் நீங்களே வெட்டாதீங்க. சின்னப் புண் என்றாலும், வலிக்காட்டியும், உடனே வாங்க.

போன மாதம் அந்த அம்மா கட்டு மாற்ற வந்திருந்தார். முழுசாகக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"இதத்தான் சாமி அந்தத் தாள்ல எழுதியிருந்துச்சா?"

"ஆமாம்மா" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

உங்கள் வீட்டில் எழுத்துத் தெரியாத பெரியவர்கள் இருந்தால், மேலே இருக்கும் பாதக் குறிப்புகளை இன்றைக்கே வாசித்துக் காட்டுங்க.



அரசு மருத்துவர்,
கரிசல் பூமி