நிஷெல் நிக்கல்ஸ்

நிஷெல் நிக்கல்ஸ் (இயற்பெயர்: கிரேஸ் டெல் நிக்கல்ஸ், டிசம்பர் 28, 1932 – ஜூலை 30, 2022) அமெரிக்கத் தொலைக்காட்சி, திரைப்பட நடிகையும் பாடகியும் நடனக் கலைஞரும் ஆவார். 1966 முதல் 1969 வரை என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் என்னும் அறிவியல் புனைகதைத் தொடரில் லெப்டினன்ட் உஹுரா என்னும் தொலைத்தொடர்பு அலுவலர் வேடத்தை ஏற்று நடித்தமைக்காகப் பரவலாக அறியப்படுகிறார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வீட்டுப் பணிப்பெண்ணாக அன்றி, பொறுப்பான பதவி வகிப்பவராகத் தொடர்ந்து தோன்றிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களுள் இவரும் ஒருவர். பின்னர் 1977 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்கத் தூண்டும் பரப்புரையை முன்னின்று நடத்தினார்.

இளமைக் காலம்

நிக்கல்ஸ் இலினொய் மாநிலத்தில் சிக்காகோ நகருக்கு அருகில் உள்ள ராபின்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். ராபின்ஸ், ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் தாமே அமைத்துத் தாமே நிருவகித்து வந்த ஊராகும். இவரது தந்தை சாமுவேல் ஏர்ல் நிக்கல்ஸ் ஒரு தொழிற்சாலைப் பணியாளர். அவர் 1929 இல் அவ்வூரின் நகரத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். தாயார் பெயர் லிஷியா. தனக்கு இடப்பட்ட கிரேஸ் என்ற பெயர் பிடிக்காமையால் சிறு வயதிலேயே நிஷெல் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டார்.

சிக்காகோவில் பாலே நடனம் பயின்ற இவர், பதின்ம வயதிலேயே மேடையேறத் தொடங்கினார். புகழ் பெற்ற ஜாஸ் இசைக் கலைஞர்களான டியூக் எலிங்டன், லயனல் ஹாம்ப்டன் ஆகியோரின் இசைக்குழுக்களுடன் பாடகியாகப் பல ஊர்களுக்குச் சென்றார். 1959 இல் வெளியான போர்கி அண்ட் பெஸ் திரைப்படத்தில், பெயர்ப் பட்டியலில் இடம்பெறாத நடனக் கலைஞர்களுள் ஒருவராகத் தோன்றினார். 1961 இல் சிக்காகோவில் அரங்கேறிய கிக்ஸ் அண்ட் கோ என்ற இசை நாடகத்திலும் நடித்தார்.

தொலைக்காட்சியில் நுழைவு

நிக்கல்சின் தொலைக்காட்சி வாழ்க்கை, ஜீன் ராடன்பெரி உருவாக்கிய தி லெப்டினன்ட் என்னும் தொடரில் தொடங்கியது. அமெரிக்க மரைன் படையினரின் முகாமைக் களமாகக் கொண்ட இத்தொடரின் 1964 ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றில் இவர் நடித்தார். படைமுகாமுக்குள் நிலவிய இனப்பாகுபாட்டைப் பற்றிய கதை அது. அக்காரணத்தாலேயே அந்த அத்தியாயத்தை ஒளிபரப்ப என்பிசி மறுத்தது. எனினும் ராடன்பெரி நிக்கல்சின் திறமையை நினைவில் வைத்திருந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் ஸ்டார் ட்ரெக் தொடரை உருவாக்கியபோது நிக்கல்சை அதில் சேர்த்துக்கொண்டார்.

ஸ்டார் ட்ரெக்

ஸ்டார் ட்ரெக் தொடரின் முதல் அத்தியாயம் செப்டம்பர் 8, 1966 அன்று ஒளிபரப்பானது. 23 ஆம் நூற்றாண்டில் எண்டர்பிரைஸ் என்னும் விண்கலம் விண்வெளியை ஆராய்ந்து செல்வதே இதன் கதைக்களம். அக்கலத்தில் வெவ்வேறு இனத்தவரும் நாட்டினரும் ஒன்றாகப் பணிபுரிந்தனர். தொலைத்தொடர்புப் பிரிவின் பொறுப்பாளரான உஹுரா ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவராகப் படைக்கப்பட்டார். விடுதலை என்னும் பொருள்படும் உஹுரு என்ற சுவாகிலி மொழிச் சொல்லிலிருந்து இப்பெயர் உருவாக்கப்பட்டது.

உஹுராவின் இருக்கை கப்பல் தலைவர் கிர்க்கின் இருக்கைக்குப் பின்னால் அமைந்திருந்தது. எனவே கட்டளை மேடை காட்டப்பட்ட காட்சிகள் பலவற்றில் அவர் பார்வையாளர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் பேசுவதற்குக் கிடைத்தவை சில வரிகள் மட்டுமே. படப்பிடிப்புக்கு முன் தன் வசனங்கள் மேலும் குறைக்கப்பட்டதாகவும், தனக்கு வந்த இரசிகர் கடிதங்கள் தன்னிடம் சேராமல் நிறுத்தி வைக்கப்பட்டதாகவும் நிக்கல்ஸ் தன்வரலாற்று நூலில் எழுதியுள்ளார்.

மார்ட்டின் லூதர் கிங்கும் விலகல் முடிவும்

முதல் பருவம் முடிந்த நிலையில், தொடரிலிருந்து விலகி மீண்டும் இசை நாடக மேடைக்குச் செல்ல நிக்கல்ஸ் முடிவு செய்தார். அம்முடிவை ராடன்பெரியிடமும் தெரிவித்தார். அதற்கு மறுநாள் குடியுரிமை இயக்க நிகழ்ச்சி ஒன்றில், தன் இரசிகர் ஒருவர் தன்னைச் சந்திக்க விரும்புவதாகக் கூறப்பட்டதாகவும், திரும்பிப் பார்த்தபோது அங்கே மார்ட்டின் லூதர் கிங் நின்றிருந்ததாகவும் அவர் பின்னாளில் பல நேர்காணல்களில் விவரித்துள்ளார்.

அவரது நினைவுகூரலின்படி, தாமும் தம் மனைவி கொரெட்டாவும் பிள்ளைகளை இரவில் விழித்திருந்து பார்க்க அனுமதிக்கும் ஒரே நிகழ்ச்சி ஸ்டார் ட்ரெக் தான் என்று கிங் கூறினார். விலகும் எண்ணத்தை நிக்கல்ஸ் தெரிவித்தபோது, அது கூடாது என்று கிங் மறுத்தார். உஹுராவின் இடம் கறுப்பினத்தவருக்கென்றே எழுதப்பட்ட பாத்திரம் அன்று. எனவே அவர் விலகினால் அவ்விடத்தில் வேறு எவரையும் அமர்த்திவிட முடியும் என்பது கிங்கின் வாதம். கறுப்பினத்தவரை அறிவும் கண்ணியமும் உள்ள சம மனிதர்களாக மற்றவர்கள் முதன்முறையாகக் காண்கிறார்கள் என்றும் அவர் எடுத்துரைத்தார். அடுத்த வாரத் தொடக்கத்தில் நிக்கல்ஸ் விலகல் முடிவைக் கைவிட்டார். தொடர் 79 அத்தியாயங்களுடன் ஜூன் 1969 இல் முடிவடையும் வரை அதில் நடித்தார்.

1968 ஆம் ஆண்டு முத்தக் காட்சி

நவம்பர் 22, 1968 அன்று ஒளிபரப்பான பிளேட்டோஸ் ஸ்டெப்சில்ட்ரன் என்ற அத்தியாயத்தில் உஹுராவும், வில்லியம் ஷாட்னர் நடித்த கிர்க்கும் முத்தமிடும் காட்சி இடம்பெற்றது. கதைப்படி, மனவலிமையால் பிறரை ஆட்டுவிக்கும் வேற்றுக் கோளினர் அவர்கள் இருவரையும் அவ்வாறு செய்ய வைக்கின்றனர். வெவ்வேறு இனத்தவர் திருமணம் செய்துகொள்வதைத் தடுத்த மாநிலச் சட்டங்கள் செல்லாதவை என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து (ஜூன் 1967) ஒன்றரை ஆண்டு கூட நிறைவடையாத காலம் அது.

தென் மாநிலத் தொலைக்காட்சி நிலையங்களின் எதிர்ப்புக்கு அஞ்சிய என்பிசி, முத்தம் இல்லாத மாற்றுக் காட்சி ஒன்றையும் படமாக்கச் சொன்னது. அம்மாற்றுக் காட்சியைப் பயன்படுத்த முடியாதவாறு ஷாட்னர் வேண்டுமென்றே மாறுகண் காட்டிக் கெடுத்துவிட்டதாக நடிகர்கள் கூறியுள்ளனர்.

இக்காட்சி அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெவ்வேறு இனத்தவரிடையே காட்டப்பட்ட முதல் முத்தம் எனப் பல இடங்களில் குறிப்பிடப்படுவதுண்டு. எனினும் இதற்கு முன்னரே அத்தகைய காட்சிகள் சில ஒளிபரப்பாகியுள்ளன. கறுப்பினப் பெண் ஒருவரும் வெள்ளையின ஆண் ஒருவரும் இடம்பெற்ற, நாடு முழுவதும் கவனிக்கப்பட்ட காட்சி என்பதாலேயே இது வரலாற்றில் நிலைத்தது.

நாசாவுக்காக ஆற்றிய பணி

1975 இல் சிக்காகோவில் நடந்த ஸ்டார் ட்ரெக் இரசிகர் மாநாட்டில் நாசா அறிவியலாளர் ஜெஸ்கோ வான் புட்காமரின் உரையை நிக்கல்ஸ் கேட்டார். விண்வெளித் திட்டத்தில் அவருக்கு ஆர்வம் ஏற்பட்டது. அதே வேளையில், அத்திட்டத்தில் தம் இனத்தவர் எவரையும் காணவில்லையே என்ற கேள்வியும் எழுந்தது. அதுவரை விண்வெளிக்குச் சென்ற அமெரிக்கர் அனைவரும் வெள்ளையின ஆண்களாகவே இருந்தனர். 1959 இல் தெரிவான முதல் குழுவினர் ஏழு பேரும் படைத்துறைச் சோதனை வானோடிகள்.

1970களில் உருவாக்கப்பட்டு வந்த விண்ணோடம் இந்நிலையை மாற்றும் வாய்ப்பை அளித்தது. விண்ணோடத்தை ஓட்டுவதற்கு வானோடிகள் தேவைப்பட்டனர். ஆனால் ஆய்வுகளையும் கருவிகளையும் கையாளும் பணிக்கு அறிவியலாளர், பொறியாளர், மருத்துவர் ஆகியோரும் தேவைப்பட்டனர். இப்பணிகளுக்கான விண்ணப்பங்களை நாசா 1976 முதல் வரவேற்றது. எனினும் பெண்களும் சிறுபான்மையினரும் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே விண்ணப்பித்தனர். தங்களைத் தெரிவு செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையின்மையே இதற்கு முக்கியக் காரணமாக இருந்தது.

1977 இல் நாசா, நிக்கல்சின் விமன் இன் மோஷன் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. விண்ணப்பத்திற்கான இறுதி நாள் ஜூன் 30 ஆக இருந்தமையால் அவருக்குக் கிடைத்த காலம் சில மாதங்களே. அந்தக் காலத்திற்குள் பல்கலைக்கழகங்களுக்கும் தொழில்சார் அமைப்புகளுக்கும் நேரில் சென்று உரையாற்றினார். ஹூஸ்டனில் உள்ள ஜான்சன் விண்வெளி மையத்தில் எடுக்கப்பட்ட அழைப்புப் படத்தில், நாசாவின் நீல நிறப் பறப்பு உடை அணிந்து தோன்றி, விண்வெளித் திட்டம் அனைவருக்கும் உரியது என்று பார்வையாளரிடம் நேரடியாகப் பேசினார். தகுதி வாய்ந்தவர்களைத் தாம் கொண்டு வந்த பின்னரும் பழையபடி வெள்ளையின ஆண்களே தெரிவு செய்யப்பட்டால், அதை வெளிப்படையாக எதிர்ப்பேன் என்று நாசா அதிகாரிகளிடம் முன்கூட்டியே கூறிவிட்டதாகவும் அவர் தெரிவித்துள்ளார்.

அச்சுற்றில் 8,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஜனவரி 1978 இல் அறிவிக்கப்பட்ட 35 பேர் கொண்ட குழுவில் ஆறு பெண்களும், மூன்று ஆப்பிரிக்க அமெரிக்கர்களும், ஓர் ஆசிய அமெரிக்கரும் இடம்பெற்றனர். இக்குழுவினருள் குறிப்பிடத்தக்க சிலர்:

சாலி ரைடு – விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் (ஜூன் 1983)
கயன் புளூஃபோர்ட் – விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் (ஆகஸ்ட் 1983)
எலிசன் ஒனிசுக்கா – விண்வெளிக்குச் சென்ற முதல் ஆசிய அமெரிக்கர் (1985)
ஜூடித் ரெஸ்னிக் – விண்வெளிக்குச் சென்ற இரண்டாவது அமெரிக்கப் பெண் (1984)
ரொனால்டு மெக்னேர் – இயற்பியலாளர்

இம்மாற்றத்திற்கு நிக்கல்சின் பரப்புரை மட்டுமே காரணம் என்று கூற இயலாது. சம வேலைவாய்ப்புச் சட்டம் 1972 இல் நடுவண் அரசு நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டதும், விண்ணோடத்தின் பணித் தேவைகளும் பங்களித்தன. ஆயினும் கதவு திறந்திருக்கிறது என்பதை, அதை நம்பாதிருந்தவர்களிடம் நேரில் கொண்டு சேர்த்ததில் அவரது பங்கு முதன்மையானது. இப்பணிக்காக நாசா 1984 இல் அவருக்குப் பொதுச் சேவை விருது வழங்கியது.

ஜனவரி 28, 1986 அன்று சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியதில் ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ரெஸ்னிக், மெக்னேர், ஒனிசுக்கா, கலத் தலைவர் பிரான்சிஸ் ஸ்கோபீ ஆகிய நால்வரும் 1978 ஆம் ஆண்டுக் குழுவைச் சேர்ந்தவர்கள். அதன் பின்னரும் நிக்கல்ஸ் விண்வெளித் திட்டத்திற்கு ஆதரவாகத் தொடர்ந்து பேசி வந்தார்.

பிற்காலத் திரை வாழ்க்கை

தொடர் முடிந்த பின், 1973-74 இல் வெளியான ஸ்டார் ட்ரெக் இயங்குபடத் தொடரில் உஹுராவுக்குக் குரல் கொடுத்தார். 1979 முதல் 1991 வரை வெளியான ஆறு ஸ்டார் ட்ரெக் திரைப்படங்களிலும் அதே வேடத்தில் நடித்தார். இப்படங்களில் உஹுரா படிப்படியாகப் பதவி உயர்ந்து கமாண்டர் நிலையை அடைகிறார். உஹுரா வேடம் பெற்றுத் தந்த புகழுக்கு ஈடாகப் பிற முக்கிய வேடங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஸ்டார் ட்ரெக் அல்லாத படைப்புகளுள் சில:

டிரக் டர்னர் (1974, திரைப்படம்)
கார்காயில்ஸ் (1990கள், இயங்குபடத் தொடர், குரல்)
ஸ்னோ டாக்ஸ் (2002, திரைப்படம்)
ஹீரோஸ் (2007, தொலைக்காட்சித் தொடர்)
தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ் (2016, தொலைக்காட்சித் தொடர், எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்)

1967 இல் டவுன் டு எர்த் என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். பியாண்ட் உஹுரா என்ற தன்வரலாற்று நூல் 1994 இல் வெளிவந்தது.

தாக்கம்

நடிகை வூப்பி கோல்டுபெர்க், சிறுமியாக இருந்தபோது உஹுராவைத் தொலைக்காட்சியில் கண்டு, பணிப்பெண்ணாக இல்லாத ஒரு கறுப்பினப் பெண்ணைப் பார்த்ததாகக் கூவிக்கொண்டு வீட்டாரிடம் ஓடியதைக் குறிப்பிட்டுள்ளார். அவர் பின்னர் 1988 முதல் ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தொடரில் நடித்தார்.

சிக்காகோவில் வளர்ந்த மருத்துவரும் பொறியாளருமான மே ஜெமிசன், உஹுரா பாத்திரம் தனக்கு ஊக்கமளித்ததாகக் கூறியுள்ளார். செப்டம்பர் 1992 இல் எண்டெவர் விண்ணோடத்தில் பறந்து, விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் என்ற பெருமையைப் பெற்றார். அப்பயணத்தின்போது தன் பணிநேரங்களைத் தொடங்குகையில், உஹுரா வழக்கமாகக் கூறும் தொலைத்தொடர்பு வசனத்தையே தரைக் கட்டுப்பாட்டு மையத்திற்குச் சொன்னார். 1993 இல் ஸ்டார் ட்ரெக் தொடரின் அத்தியாயம் ஒன்றில் அவரே நடித்தார்.

2009 முதல் வெளியான புதிய திரைப்படங்களில் உஹுரா வேடத்தை சோயி சல்டானா ஏற்று நடித்தார். 2022 இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் அவ்வேடத்தை சீலியா ரோஸ் குடிங் ஏற்றார். நிக்கல்சின் நாசா பணியைப் பற்றி உமன் இன் மோஷன் என்ற ஆவணப்படம் 2019 இல் எடுக்கப்பட்டது. 1992 இல் ஹாலிவுட் புகழ் நடைபாதையில் இவருக்கு நட்சத்திரம் பதிக்கப்பட்டது. 68410 என்ற எண்ணுடைய சிறுகோளுக்கு நிக்கல்ஸ் எனப் பெயரிடப்பட்டுள்ளது.

மறைவு

2015 இல் இவருக்கு இலேசான பக்கவாதம் ஏற்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், வானூர்தியில் அமைக்கப்பட்ட நாசாவின் சோஃபியா வான் ஆய்வகத்தில் பறந்தார். பின்னர் நினைவிழப்பு நோயால் பாதிக்கப்பட்டு, பொது நிகழ்வுகளிலிருந்து படிப்படியாக விலகினார். ஜூலை 30, 2022 அன்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் சில்வர் சிட்டி நகரில் இதயச் செயலிழப்பால் தமது 89 ஆவது வயதில் காலமானார்.

ஜனவரி 8, 2024 அன்று புளோரிடாவின் கேப் கனவெரலில் இருந்து ஏவப்பட்ட வல்கன் ஏவூர்தியில் இவரது அஸ்தியின் ஒரு பகுதி விண்வெளிக்கு அனுப்பப்பட்டது. ராடன்பெரியின் அஸ்தியும் ஸ்டார் ட்ரெக்கில் இவருடன் நடித்த சிலரின் அஸ்தியும் அதே ஏவூர்தியில் சென்றன. அவற்றைத் தாங்கிய ஏவூர்திப் பகுதி புவியின் ஈர்ப்பைக் கடந்து, சூரியனைச் சுற்றும் பாதையில் செலுத்தப்பட்டது.