சேற்றில் பிறந்த தீவு

திண்டுக்கல் பக்கம் கோடையில் குளம் வற்றினால், அடியில் படிந்த வண்டலை அள்ளி வயலில் கொட்டுவார்கள். அது நல்ல உரம். துறைமுகத்தில் தூர்வாரும் சேறு அப்படியில்லை. உப்புச் சேறு, பயிருக்கு ஆகாது. எண்ணெயும் உலோகக் கழிவும் கலந்திருந்தால் இன்னும் ஆபத்து. பிறகு அதை எங்கேதான் கொட்டுவது?

இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைக் கண்ட ஊர் கொச்சி. அங்கே கடலில் கலக்கும் பெரியாறு திண்டுக்கல்காரர்களுக்குப் புதிதல்ல. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்தது முதல், அதன் தண்ணீர் வைகை வழியாக நிலக்கோட்டை வட்டத்துப் பேரணைக்கும் வருகிறது.

1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டு, கொச்சி முகத்துவாரத்தைத் திறந்தது என்பார்கள். ஆனால் முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு மணல் திட்டு மறித்துக் கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளியிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கு படகில்தான் கரைக்கு வரும்.

1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். திட்டை வெட்டினால் பக்கத்து வைப்பின் கரையைக் கடல் அரித்துவிடுமோ என்பதுதான் பெரிய பயம். அதனால் முதலில் கருங்கல் தடுப்புகள் போட்டுக் கரையைக் காக்க வழி செய்தார். அதன்பிறகே 'லார்ட் வில்லிங்டன்' என்ற தூர்வாரும் கப்பல் முழு வேகத்தில் இறங்கியது. 1928 மே மாதம் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்ளே நுழைந்தது.

தோண்டிய மண் வீணாகவில்லை. காயலில் வெண்டுருத்தித் தீவை ஒட்டி அதைக் கொட்டினார்கள். சுமார் 780 ஏக்கர் புதிய நிலம் எழுந்தது. அதுதான் வில்லிங்டன் தீவு! இரண்டாம் உலகப் போரில் அது படைத்தளமானது. கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா விமானத் தளம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. ஆறுகள் மண் கொண்டு வருவதை நிறுத்துவதில்லை. வருடா வருடம் தூர்வார வேண்டும், ஆனால் வருடத்துக்கு ஒரு தீவு கட்ட முடியாது. காயலை மேலும் தூர்த்தால் மீனுக்கும் வெள்ளத்துக்கும் இடமிருக்காது. இந்த வேம்பநாட்டுக் காயல் 2002-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதனால் இப்போது அந்தச் சேறு கடலுக்குள் குறித்த இடத்துக்குப் போகிறது. அந்த இடமும் மீனவர்கள் வலை வீசும் கடல்தான்.

குளத்தில் மண் அள்ளும் விவசாயி, எந்த வயலில் கொட்டுவது என்று முடிவு செய்த பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவார். பிரிஸ்டோவும் அதைத்தான் செய்தார். துறைமுகம் தோண்டுகிற எவரும் அடுத்த ஐம்பது வருடச் சேற்றுக்கும் சேர்த்து முதலிலேயே கணக்குப் போட வேண்டும்.