வீட்டு கம்ப்யூட்டரில் ஆபீஸ் ஃபோல்டர்: விபிஎன் மூலம் திறப்பது எப்படி? எங்கே சிக்கல் வரும்?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியது. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்துகொண்டது. அந்த நாட்களில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். ஆனால் துறைமுகத்தை நம்பி இயங்கும் ராயபுரம், திருவொற்றியூர் அலுவலகங்களுக்கு அது அவ்வளவு சுலபமா?

சுங்க ஆவணத்தை ஐஸ்கேட் தளத்தில் எங்கிருந்தும் தாக்கல் செய்யலாம். ஆனால் அதற்குத் தேவையான இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ஆபீஸ் சர்வரில், ஷேர்டு ஃபோல்டரில்தான் இருக்கும். இறக்குமதி ஆவணம் தாமதமானால், விதிப்படி முதல் 3 நாட்களுக்குத் தினமும் ரூ.5,000, அதன்பின் தினமும் ரூ.10,000 கட்டணம். இந்த இடத்தில்தான் விபிஎன் கைகொடுக்கிறது.

விபிஎன் என்ன செய்கிறது?

உங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கும் ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் இடையே, இணையத்தின் வழியாகவே பூட்டிய ஒரு பாதையைப் போடுகிறது. உள்ளே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது. இணைந்ததும், ஆபீஸ் சீட்டில் உட்கார்ந்திருப்பது போலவே ஃபோல்டர் திறக்கும்.

இணைப்பது எப்படி?

1. விபிஎன் முகவரி, யூசர்நேம், பாஸ்வேர்டு, ஃபோல்டர் பாதை ஆகியவற்றை ஆபீஸ் ஐடி பிரிவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், 'ஆட் விபிஎன்' கொடுத்து விவரங்களை நிரப்புங்கள். சில நிறுவனங்கள் இதற்குத் தனி ஆப் தரும்.

3. 'கனெக்ட்' ஆனதும் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்வுக்கோடு, சர்வர் பெயர், ஒரு பின்சாய்வுக்கோடு, ஃபோல்டர் பெயர் என டைப் செய்யுங்கள்.

4. தினமும் தேவை என்றால் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' மூலம் தனி டிரைவாக வைத்துக்கொள்ளலாம். அவ்ளோதான்.

கனெக்ட் ஆகியும் ஃபோல்டர் வரலையா?

* சர்வர் பெயருக்குப் பதில் அதன் ஐபி எண்ணைப் போட்டுப் பாருங்கள். வீட்டு கம்ப்யூட்டருக்கு ஆபீஸ் சர்வரின் பெயர் தெரியாமல் இருக்கலாம்.

* வீட்டு ரவுட்டரும் ஆபீஸும் 192.168.1 என்றே தொடங்கும் எண்களைப் பயன்படுத்தினால் கம்ப்யூட்டர் குழம்பிவிடும். வீட்டு ரவுட்டரின் எண்ணை மாற்ற வேண்டும்.

* பாஸ்வேர்டு கேட்டால் ஆபீஸ் யூசர்நேமைக் கொடுங்கள். வீட்டு கம்ப்யூட்டரின் பெயர் செல்லாது.

* ஃபைல் மெதுவாகத் திறந்தால், ஆபீஸ் இணைப்பின் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். கணக்கு சாஃப்ட்வேர் டேட்டாவை விபிஎன் வழியாக நேரடியாகத் திறக்காதீர்கள். நடுவில் லைன் கட்டானால் டேட்டா பழுதாகலாம். அதற்கு ரிமோட் டெஸ்க்டாப் நல்லது.

விபிஎன் இல்லாமல் திறந்துவிட்டால்?

கூடவே கூடாது. ஃபோல்டர் பகிர்வுக்கான கதவு 445 என்ற போர்ட். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வானாக்ரை வைரஸ், இந்த வழியாகத்தான் கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. இதற்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

விபிஎன் இருந்தாலும் அலட்சியம் கூடாது. 2021-ல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் நிறுவனம் முடங்கியது. பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு, அதற்கு ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டு இல்லை. ஹேக்கர்கள் நுழைந்தது அதன் வழியாகத்தான். எனவே வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள். பிள்ளைகள் கேம் விளையாடும் கம்ப்யூட்டரில் ஆபீஸ் விபிஎன் வேண்டாம்.

விபிஎன் சட்டப்படி சரியா?

சரிதான். வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவு, பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விற்கும் நிறுவனங்களுக்கானது. ஊழியர்களுக்காக நிறுவனமே நடத்தும் விபிஎன்னுக்கு அது பொருந்தாது.

மழைக்கு முன் செய்ய வேண்டியது

ஆபீஸில் கரன்ட் போனாலோ, சர்வர் தண்ணீரில் மூழ்கினாலோ விபிஎன்னால் பயனில்லை. தரைத்தளத்தில் சர்வர் இருந்தால் மேலே ஏற்றுங்கள். அவசர ஃபைல்களின் நகலை நிறுவனத்தின் கிளவுடில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே ஒருநாள் வீட்டிலிருந்து இணைத்துப் பார்த்துவிட்டால், புயல் அன்றைக்கு ஐடி ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை.