அட்டையில் அச்சான பெயர்

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடுமே நம் நினைவுக்கு வருகின்றன. பார்த்தபின் தூக்கி எறியப்படும் சிறு அட்டையும் சான்றாகலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரரின் உருவம் பொறித்த அஞ்சலட்டைகளும், சிகரெட்டுப் பெட்டிகளில் வைத்து வழங்கப்பட்ட சிற்றட்டைகளும் எங்கும் பரவின. அவற்றில் ஒரே பெயர் இடத்துக்கு இடம் வேறுவேறாக எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம். இவை யாவும் பிழைகள்தாமா?

சில பிழைகளே என்பதில் ஐயமில்லை. பிலடெல்பியா அணியில் ஆடிய ஷெர்ரி மகீ என்பாரின் பெயர், 1909 முதல் 1911 வரை வெளிவந்த சிகரெட்டு அட்டை வரிசையில், ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து இரண்டு வரவேண்டிய இடத்தில் ‘ஐ’, ‘ஈ’ என அச்சாகிவிட்டது. விரைவில் திருத்தினர். திருத்துமுன் வெளிவந்த சில அட்டைகளையே இன்று சேகரிப்போர் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர்.

வேறு சில பிழைபோல் தோன்றுமே தவிரப் பிழையாகா. அதே வரிசையில், ஹோனஸ் வாக்னரின் அட்டையில் அவரது நகரமான பிட்ஸ்பர்க்கின் பெயர் இறுதி ‘எச்’ எழுத்தின்றி நிற்கிறது. 1891 முதல் 1911 வரை அரசாங்கத்தார் ஏற்ற வழக்கு அதுவே. அமெரிக்காவில் அஞ்சலட்டையின் முகவரிப் பக்கத்தில் செய்தியும் எழுதலாம் என்ற அனுமதி 1907 மார்ச்சு முதல் நாளன்று வந்தது. ஆகவே, முகவரிப் பக்கம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, நகரப் பெயரில் ‘எச்’ இல்லாத அட்டை ஒன்று கிடைப்பின், அது பெரும்பாலும் 1907க்கும் 1911க்கும் இடைப்பட்டது எனக் கருதலாம். ஆனால் ‘எச்’ இருப்பதுகொண்டு அது பிந்தியது எனத் துணிதல் கூடாது. நகரத்தார் பலர் அவ்வெழுத்தை ஒருநாளும் கைவிட்டாரில்லை.

மூன்றாவது வகையே நம் உள்ளத்தைத் தொடுவது. ஸ்டான்லி கோவெலெஸ்கி 1889-இல் பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊரான ஷமோக்கினில், போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். பன்னிரண்டாம் வயதிலேயே சுரங்கத்தில் கூலி வேலைக்குச் சென்றார். குடும்பப் பெயர் கோவலெவ்ஸ்கி. போலந்து மொழியினர் ‘டபிள்யூ’ எழுத்தை ‘வ’ என ஒலிப்பர். ஆங்கிலத்தார் அவ்வொலிக்கு ‘வி’ எழுதுவர். இவ்வாறு பெயர் உருமாறியது. ஆடிய காலத்தில் அதன் இறுதியில் ஓர் ‘ஈ’ எழுத்தும் சேர்த்து எழுதப்பட்டது. 1969-இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றபோது அது நீங்கியிருந்தது. அண்ணன் ஹாரியும் பெயர்பெற்ற பந்தெறிவாளர். 1908-இல் ஐந்தே நாட்களில் நியூயார்க்கு அணியை மும்முறை வென்றவர். குடும்பப் பெயர் மட்டுமுள்ள அட்டையில் நிற்பவர் இவ்விருவருள் எவர் என்பதை எழுத்து உரைக்காது. அணியின் உடையும் முகமும் ஆண்டுமே உரைக்கும்.

எனவே பழைய பெயரை நாமாகத் திருத்தி எழுதலாகாது. உள்ளவாறே படியெடுத்து, வழங்கும் பெயரை அருகில் குறிப்பதே முறை. எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்திவிட்டால், கடல் கடந்து வந்த குடும்பத்தின் சுவடு அழிந்துபோகும். ஒவ்வோர் எழுத்து வேறுபாட்டையும் வேறாளாகக் கொண்டால், ஒருவர் இருவராகிவிடுவார். பிறர் பெயரைப் பேணுதல் வரலாறு கற்போரின் முதற்கடன்.