57 பி/16: நம்ம ஊர் இருக்கும் தாள்

நேற்று என் பேத்தி கைபேசியில் மரக்காணம் உப்பளத்தை இரண்டு விரலால் விரித்துக் காட்டினாள். பாத்தி பாத்தியாகத் தெரிந்தது. "தாத்தா, இவ்வளவு பெரிய படம் இந்தச் சின்ன போனுக்குள்ள எப்படி வந்துச்சு?" என்றாள். முழுப்படம் வரவே இல்லை என்பதுதான் பதில்.

உலகப் படத்தை முதலில் 256 புள்ளி அகலம், 256 புள்ளி உயரம் உள்ள ஒரே சதுரமாக வைக்கிறார்கள். ஒரு படி நெருங்கினால் அதே உலகம் 4 சதுரம். அடுத்த படியில் 16, அப்புறம் 64. பத்தாவது படியில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி, படி எண், நிரல் எண், நிரை எண் என்று பெயரிட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் பார்க்கும் இடத்துக்கு வேண்டிய பத்திருபது துண்டுகளை மட்டும் போன் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

1998-இல் மைக்ரோசாஃப்டின் டெர்ராசர்வர், வானிலிருந்து எடுத்த படங்களைச் சிறு துண்டுகளாக வெட்டி இணையத்தில் வைத்தது. ஜிம் கிரே என்ற கணினி அறிஞர் அதில் முக்கியமானவர். 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்த பிறகு படத்தை இழுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் பழகிவிட்டது.

ஆனால் இந்த யோசனை காகிதத்தில் நூறு வருஷத்துக்கு முன்பே நம் நாட்டில் இருந்தது! சர்வே ஆஃப் இந்தியாவின் தாள் எண்களைப் பாருங்கள். 57 என்ற எண் 4 பாகை நீளம், 4 பாகை அகலம் உள்ள கட்டம். அதை 16 ஆகப் பிரித்து ஆங்கில எழுத்து கொடுத்தார்கள். கடைசிக் கட்டம் பி (இரண்டாம் எழுத்து அல்ல, 16-ஆம் எழுத்து). அதையும் 16 ஆகப் பிரித்தால் கடைசித் தாள் 57 பி/16. மூலைக்குள் மூலை. மரக்காணம் அங்கேதான் இருக்கிறது. தாளின் தென்கிழக்கு மூலையில் வெறும் கடல். புதுச்சேரி 12 பாகைக் கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் 58 எம்/13-க்குப் போய்விடும். காகிதத்தில் ஒரு படி இறங்கினால் 16 துண்டு, போனில் இரண்டு படி இறங்கினாலும் 16 துண்டு. கணக்கு ஒன்றேதான்.

என்ன பயன்? நான் வேலையில் இருந்தவரை அந்தத் தாளைக் கண்ணால் பார்த்ததில்லை. கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் வரும் தாள்கள் பாதுகாப்புக் காரணத்தால் அப்போது கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. என் மாணவர்கள் உலக வரைபடத்தில் பிரேசிலைத் தொட்டுக் காட்டுவார்கள், சொந்தக் குப்பத்தைக் காட்டப் படம் கிடையாது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நிவாரணம் கொண்டுவந்த வெளியூர்ப் பிள்ளைகள் வழி கேட்டபோது, சார்ட் அட்டையில் கூனிமேடு, அனுமந்தை, எக்கியார்குப்பம், உப்பளத்து வண்டிப்பாதை, பக்கிங்ஹாம் கால்வாய் எல்லாம் நினைவிலிருந்து வரைந்து கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டுதான் போனார்கள்.

2005-இல் தேசிய வரைபடக் கொள்கை வந்து, பொதுமக்களுக்கென்று தனித் தாள் வரிசை வெளியிட வழி பிறந்தது. 2021 பிப்ரவரியில் கட்டுப்பாடுகள் இன்னும் தளர்ந்தன. அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

அந்த அட்டை திரும்பி வந்து என் பெட்டியில் இருந்தது. போன மாதம் கணினி வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் அதை ஸ்கேன் செய்தார். 10,000-க்கு 8,000 புள்ளி. அப்படியே வாட்ஸப்பில் போட்டால் சுருங்கி எழுத்து அழிந்துவிடும். அவர் அதை 256 புள்ளித் துண்டுகளாக வெட்டினார். பெரிய அளவில் 1,280 துண்டு. பாதி அளவில் 320, அப்புறம் 80, 20, 6, 2, கடைசியில் 1. மொத்தம் 1,709. இதற்கு விலை கொடுத்து எதுவும் வாங்கவில்லை, துண்டுகளைக் கோப்புறையில் போட்டு, ஓப்பன்சீட்ராகன் என்ற இலவச நிரலில் இணைத்தார், அவ்வளவுதான். கடல் துண்டுகளெல்லாம் ஒரே நீலம் என்று சிரித்தார். (பென்சில் தீரும்வரை நீலம் தீட்டியவன் நான்.)

பேத்தி கடைசிப் படிவரை விரித்துப் பார்த்தாள். எக்கியார்குப்பத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு, மேலே சின்னதாகச் செருகியிருக்கிறேன். இருபது வருஷம் கழித்து மாட்டிக்கொண்டேன்.